ஒட்டகத்தைக் கட்டுவதும் கடையைப் பூட்டுவதும்



ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் கேட்டார். முதலில் கட்டும்படியும், பிறகு அல்லாஹ்விடம் பொறுப்பு ஒப்படைக்கும்படியும் நாயகம் அவர்கள் கூறினார்கள். அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவித்த இந்த ஹதீஸ் திர்மிதீயில் இருக்கிறது. நம்மில் இதைக் கேளாதவர் இல்லை. கேட்டபடி நடப்பவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

நம்முடைய ஒட்டகங்கள் எவை? சரக்கு ஏற்றும் வேன், டெலிவரி மோட்டார் சைக்கிள், இரவுச் சந்தைக்குக் கொண்டு போகும் ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர், தராசு. இவைதாம் நம் பிழைப்பு. இவற்றில் ஒன்று களவு போனால் ஒரு நாள் வியாபாரத்தோடு நிற்பதில்லை. வாடகை, சம்பளம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஆட்டம் கண்டுவிடும்.

புஞ்சாக் ஆலாம் இருக்கும் கோல சிலாங்கூர் வட்டாரம் நெடுங்காலம் தோட்டப்புறமாக இருந்தது. மலாயாவில் வியாபார ரீதியாகச் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டமான தென்னமாராம் 1917ல் தொடங்கியதும் இந்த வட்டாரத்தில்தான். அந்நாளில் நம்மவர் சைக்கிளில் துணிமூட்டை கட்டித் தோட்டம் தோட்டமாகச் சுற்றி விற்றார்கள். யாருடைய சைக்கிள் எது என்று லயத்துக் குழந்தைக்கும் தெரியும். களவாடியவன் செம்மண் பாதையில் வெகுதூரம் போக முடியாது. இன்று புஞ்சாக் ஆலாம் பெரிய பட்டணம். லாத்தார் நெடுஞ்சாலை 2011ல் திறந்த பிறகு கோலாலம்பூருக்குப் போவது எளிதாகிவிட்டது. நமக்கு எளிதானது திருடனுக்கும் எளிதுதான். நாம் மட்டும் பழைய காலத்து நம்பிக்கையில் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்குகிறோம்.

இதைப் பிறருக்குச் சொல்லுமுன் நம் கதையைச் சொல்லிவிட வேண்டும். நமது மளிகைக் கடையின் பின்சந்தில் ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தோம். சங்கிலி வாங்க வேண்டும் என்று பல மாதம் நினைத்ததுண்டு, வாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையடைத்துப் போய்த் திரும்பியபோது ஜெனரேட்டர் இல்லை. அன்று உடம்பு சுகமில்லை என்று மேல்மாடியில் படுத்திருந்த வேலைக்காரத் தம்பி மீது நம் சந்தேகம் போயிற்று. இரண்டு வருஷம் நம்மிடம் ஒழுங்காக வேலை பார்த்தவர். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டோம். அவர் அழுதார். நாம் நம்பவில்லை. மூன்றாம் நாள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்காரர் தம் காமிராவைப் போட்டுக் காட்டினார். நமக்கு முகம் தெரியாத இருவர் சிறு லோரி ஒன்றில் அதை ஏற்றிக்கொண்டு போனது தெளிவாக இருந்தது. தம்பிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை பாய்" என்றார். திரும்பி வரவில்லை.

ஜெனரேட்டரை வேறு வாங்கிவிட்டோம். நாலு பேர் முன் போன அந்தத் தம்பியின் மானத்தை எந்தக் கடையில் வாங்குவது? அதிகமான சந்தேகத்தை விட்டு விலகுங்கள், சந்தேகங்களில் சில பாவம் என்று சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹுத்தஆலா எச்சரிக்கிறான். பூட்டாமல் வைத்த நாம் அந்தப் பாவத்துக்கு நாமே வாசலைத் திறந்து வைத்தோம்.

மதரஸாவில் ஓதிய காலத்தில் "ஹிர்ஸ்" என்றொரு சொல்லை உஸ்தாது விளக்குவார்கள். ஒரு பொருள் அதற்குத் தகுந்த பாதுகாப்பில் இருப்பதற்கு ஹிர்ஸ் என்று பெயர். பாதுகாப்பில் இருந்த பொருளை எடுப்பதற்கும், கவனிப்பாரற்றுக் கிடந்ததை எடுப்பதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. ஸப்வான் இப்னு உமைய்யா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் பள்ளிவாசலில் தம் மேலாடையைத் தலைக்கு வைத்து உறங்கியபோது அது களவு போயிற்று. தலைக்கடியில் இருந்ததால் அது பாதுகாப்பில் இருந்ததாகவே கொள்ளப்பட்டது. தூக்கத்தில் புரண்டு துணியை விட்டு விலகிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் விலகிவிடும் என்று இமாம் நவவி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். தொழுவம் கால்நடைக்குப் பாதுகாப்பு, பாத்திரத்துக்கும் துணிக்கும் அது பாதுகாப்பாகாது என்றும் அதே கிதாபில் சொல்கிறார்கள்.

தண்டனை விஷயம் நமக்குரியதன்று; அதற்கு நாட்டுச் சட்டம் இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற காவல் வேண்டும் என்பது. பின்சந்து காலிப் பெட்டிகளுக்குப் போதும், ஜெனரேட்டருக்குப் போதாது. அந்தக் காவல் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, வேன். மூட்டை இறக்கும் இரண்டு நிமிஷமானாலும் என்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டு வெளியே தெரிவதால் திருடன் அடுத்த வண்டியைத் தேடுவான். வண்டி இருக்குமிடத்தைப் போனில் காட்டும் ஜி.பி.எஸ். கருவியை மறைவாகப் பொருத்தலாம். சாவி போடாமல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டி வைத்திருப்பவர்கள், அதன் சாவியை வாசலோரம் மாட்டக் கூடாது. சாவி விடும் அலையை வெளியிலிருந்தே கருவியால் இழுத்து வண்டியைத் திறக்கிறார்கள். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வண்டி பக்கத்தில் நின்று அது திறக்கவில்லை என்று சோதித்துக் கொள்ளவும்.

இரண்டாவது, மோட்டார் சைக்கிள். ஹேண்டில் பூட்டை மட்டும் நம்பக் கூடாது. பூட்டிய சைக்கிளை அப்படியே தூக்கி லோரியில் வைத்துவிடலாம். கனமான சங்கிலியை வண்டியின் சட்டத்தில் நுழைத்து, தரையில் ஊன்றிய இரும்பு வளையத்தோடு பூட்ட வேண்டும்.

மூன்றாவது, ஜெனரேட்டரும் சிலிண்டரும். சங்கிலியைக் கைப்பிடியில் போடாதீர்கள், கைப்பிடியைக் கழற்றிவிடலாம். சட்டத்தைச் சுற்றிப் போடவும். சிலிண்டருக்குக் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டும் பூட்டும் வேண்டும். அடைத்த அறையில் வைப்பது ஆபத்து.

நான்காவது, இரண்டு நோட்டுகள். ஒன்றில் ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணும், வண்டியின் என்ஜின், சேஸிஸ் எண்களும், வாங்கிய தேதியும் விலையும் எழுதி, ரசீதையும் படத்தையும் சேர்த்து வைக்கவும். களவு போனால் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்க இதுவே ஆதாரம். மற்றதில், கடையடைக்கும்போது எந்தச் சாவி யாரிடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கவும். வேலையாளை நம்பாததால் இதைச் செய்கிறோம் என்று எண்ண வேண்டாம். நாளை ஒரு பொருள் காணாமல் போனால், சாவி வாங்காத தம்பியின் பேரில் யாரும் விரல் நீட்ட முடியாது. நேர்மையானவனுக்கு அந்த நோட்டுத்தான் சாட்சி.

ஐந்தாவது, இன்சூரன்ஸ். மூன்றாம் நபருக்கான காப்பு மட்டும் எடுத்தவருக்கு, தம் வண்டி களவு போனால் ஒரு காசும் கிடைக்காது. களவும் சேர்ந்த காப்பா என்று கேட்டு எடுக்கவும். 1984 முதல் நம் நாட்டில் தக்காபுல் முறையும் உண்டு. வண்டிக்குள் இருந்த சரக்கும் கருவியும் வண்டிக் காப்பில் பொதுவாக அடங்காது என்பதையும் நினைவில் வைக்கவும்.

ஆறாவதை மனம் நோகாமல் கேட்க வேண்டும். ரசீதில்லாத ஜெனரேட்டரும், எண் சுரண்டிய என்ஜினும் பாதி விலைக்குப் பின்வாசலில் வரும்போது நம்மில் சிலர் "நமக்கென்ன" என்று வாங்கிவிடுகிறோம். வாங்க ஆளிருப்பதால்தானே திருடுகிறான்! வண்டியையோ அதன் பாகத்தையோ திருடினால் மலேசியத் தண்டனைச் சட்டம் 379ஏ பிரிவின்படி ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. களவுப் பொருள் என்று அறிந்து வாங்கினால் 411ஆம் பிரிவு நம்மைப் பிடிக்கும். அதற்கும் மேலே, அது இன்னொரு சகோதரரின் பிள்ளைகளுடைய சோறு.

இரவில் அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவை அடைக்கும்படி நாயகம் அவர்கள் கற்பித்ததை ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கதவும் வேண்டும், பிஸ்மில்லாஹ்வும் வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் தம் கடையின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல நாயன் நம் பொருளையும், நம்மை நம்பி வேலை செய்வோரின் மானத்தையும் காத்தருள்வானாக. ஆமீன்.