சால்சா பல்கலைக்கழகம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கரீபியன் கடலில் புவேர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு உண்டு. அங்கே ஒரு வாத்தியக் குழுவை மக்கள் ‘சால்சா பல்கலைக்கழகம்’ என்று அழைக்கிறார்கள். குழுவின் உண்மைப் பெயர் ‘எல் கிரான் கோம்போ’. ‘பெரிய குழு’ என்று பொருள். 1962ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் பயமோன் நகரத்து நடன அரங்கொன்றில் முதன்முதலாக மேடையேறிய இக்குழு, அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் கலையவில்லை. மெல்லிசைக் குழுக்கள் எவ்வளவு எளிதில் உடைந்து போகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பான செய்தியே. அது எப்படி முடிந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தீவைப் பற்றிச் சில சொற்கள். ஸ்பெயினின் ஆட்சியில் நானூறு ஆண்டுகள் இருந்த புவேர்ட்டோ ரிக்கோ, 1898இல் அமெரிக்காவின் கைக்குச் சென்றது. 1917இல் தீவு மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இலட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி நியூயார்க் சென்று குடியேறினர். எனவே அத்தீவின் இசைக்கு இரண்டு வீடுகள்: ஒன்று சொந்த மண், மற்றொன்று நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகள்.

இனி குழுவின் பிறப்பைக் காண்போம். 1954ஆம் ஆண்டளவில் ரஃபேல் கோர்ட்டிஹோ என்ற கறுப்பினக் கலைஞர் ஒரு குழுவை அமைத்தார். கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளின் வழிவந்த ‘போம்பா’, தென்கரை ஏழை மக்களின் ‘ப்ளேனா’ ஆகிய தாளங்களை அவர் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தார். கறுப்பர்கள் மேடையில் நின்று, ஆடி, தம் பாட்டைத் தாமே பாடியதைத் தீவின் உயர்தட்டு விடுதிகள் அதற்கு முன் அதிகம் கண்டதில்லை. அவருடைய பாடகர் இஸ்மாயெல் ரிவேரா. 1962இல் ரிவேரா போதைப்பொருள் வழக்கில் சிக்கிச் சிறை சென்றதும் குழு நிலைகுலைந்தது. பியானோ வாசித்த ரஃபேல் இத்தியேரும் வேறு சிலரும் வெளியேறிப் புதுக்குழு கண்டனர். எல் கிரான் கோம்போ பிறந்த கதை இதுதான். ஒரு முதலாளியின் கீழ்க் கூலிக்கு வாசிக்கும் ஏற்பாடாக அல்லாமல், வாசிப்பவர்களின் கூட்டு முயற்சியாகவே அது தொடங்கிற்று.

இத்தியேர் 1926இல் பிறந்தவர். வறிய குடும்பம். முதலில் கித்தாரைப் பழகினார். பியானோவைத் தாமாகவே கற்றுக்கொண்டார். சில காலம் அமெரிக்க இராணுவத்திலும் இருந்தார். இசைக் கல்லூரி எதிலும் படித்துப் பட்டம் பெறாத ஒருவர் கட்டிய குழுவுக்குப் ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயர் வந்திருக்கிறது! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத என் தாத்தா எந்தக் கிணற்றுக்கு எத்தனை முழக் கயிறு வேண்டும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆகவே இந்தப் பெயரை நான் வெறும் விளம்பரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சால்சாவின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. கணித மாணவன் என்ற முறையில் அதை விளக்காமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ‘கிளாவே’ என்பவை இரண்டு கட்டைக் குச்சிகள். ஒன்றன்மேல் ஒன்று தட்டினால் ‘டக்’கென்று ஒலிக்கும். அவை தட்டும் அமைப்புக்கும் அதே பெயர்தான். ஒரு சுற்றைப் பதினாறு சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவற்றில் 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் தட்டு விழும். இடைவெளிகள் 3, 3, 4, 2, 4, கூட்டினால் 16. முதற்பாதியில் மூன்று தட்டு, பிற்பாதியில் இரண்டு. பாட்டுக்கு ஏற்ப இரண்டை முன்னும் மூன்றைப் பின்னும் வைப்பதும் உண்டு. மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள்: முற்பாதி நம்மை முன்னே தள்ளும், பிற்பாதி பிடித்து நிறுத்தும். இந்த ஏற்றத்தாழ்வே ஆடுபவரின் காலை இழுக்கிறது.

கோங்கா, போங்கோ, டிம்பாலே, பியானோ, பாஸ், ட்ரம்பெட், சாக்சபோன் என எல்லாக் கருவிகளும் இந்த ஐந்து தட்டுக்குக் கட்டுப்பட்டவை. கிளாவேக் குச்சியை எவரும் கையில் எடுக்காத பாட்டிலும் அந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கும். யாராவது ஒருவர் பாதியை மாற்றிப் பிடித்தால், பெயர் சொல்லத் தெரியாத இரசிகனுக்குக்கூட ஏதோ இடறுவது தெரிந்துவிடும். கதையைச் சொல்லும் பகுதி முடிந்ததும் பாடகர் ஓரடியை இட்டுக்கட்டிப் பாட, மற்றவர்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதில் சொல்வர். கிரான் கோம்போவின் தனிச்சிறப்பு என்னவெனில், முன்வரிசைப் பாடகர்கள் பாடிக்கொண்டே ஒரே மாதிரி அடியெடுத்து ஆடுவது. தொடக்க காலத்தில் இதில் பெரும்பங்கு ரொபேர்ட்டோ ரொயெனாவுக்கு உண்டு. அவர் 1969இல் பிரிந்து தனிக்குழு கண்டார்.

பிரிவுகள் அத்தோடு நிற்கவில்லை. 1970ஆம் ஆண்டளவில் இசைத்தட்டு நிறுவனத்துடன் இருந்த உறவு முடிந்தது. கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, குழுவினர் தாங்களே இசைத்தட்டு வெளியிடத் தொடங்கினர். டிராம்போன் சேர்ந்து குழுவின் ஒலி கனத்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1973இல் பாடகர் பெயீன் ரொட்ரிகெஸ் விலகினார். சார்லி அபோன்ட்டே வந்தார். 1977இல் பேரிடி. பதினைந்து ஆண்டுகளாகக் குழுவின் குரலாக இருந்த ஆண்டி மொந்தானியெஸ், வெனிசுவேலாவின் புகழ்பெற்ற குழுவொன்றுக்குச் சென்றுவிட்டார். அவரை விட்டால் குழுவே இல்லை என்று பலர் எண்ணினர். இத்தியேர் ஜெர்ரி ரிவாஸ் என்ற இளைஞரை நிறுத்தினார். ரிவாஸ் மொந்தானியெஸைப் போலப் பாட முயலவில்லை. தம் குரலிலேயே பாடினார். அபோன்ட்டே நாற்பதாண்டுகளுக்கு மேல் பாடிவிட்டு 2014இல் விடைபெற்றார்.

குழு நிலைத்ததற்குக் காரணம் கட்டுப்பாடு என்பர் பலர். நேரம் தவறாமை, சீருடை, ஒத்திகை ஆகியவற்றில் இத்தியேர் கண்டிப்பானவர் என்பது உண்மையே. எனினும் கண்டிப்பு மட்டும் போதுமென்றால் பட்டாளத்து வாத்தியக் குழுக்கள் எல்லாம் மக்கள் மனத்தில் நின்றிருக்க வேண்டும். பாட்டின் பொருளையும் நோக்க வேண்டும். 1983இல் வெளிவந்த ‘சால்சா பல்கலைக்கழகம்’ என்ற இசைத்தட்டில் ஒரு சோம்பேறியின் நாள் முழுவதையும் நையாண்டியாகச் சொல்லும் பாட்டு உண்டு. காலையில் எழுகிறான், உண்கிறான், வேறொன்றும் செய்வதில்லை. கேட்பவர்கள் தங்கள் தெருவில் அப்படி ஒருவனை அறிவார்கள், சிரிக்கிறார்கள், ஆடுகிறார்கள். கிறிஸ்துமஸ் விருந்தும் வீட்டுச் சாப்பாடும் காதல் ஏமாற்றமும் பாட்டுப் பொருளாகின்றன. குழு என்றும் தன் மக்களின் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்து போகவில்லை என்றே சொல்லலாம்.

சால்சா யாருடையது என்ற வழக்கு இன்றும் உண்டு. அடிப்படை கியூபாவின் ‘சோன்’ இசை. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா கியூபாவோடு வணிகத்தைத் துண்டித்தபோது ஹவானாவின் புதிய இசை நியூயார்க்கை அடைவது அரிதாயிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் புவேர்ட்டோ ரிக்கோ நாட்டவர். ‘சால்சா’ என்ற வணிகப் பெயரை 1970களில் பரப்பியது நியூயார்க்கின் ஃபானியா நிறுவனம். கிரான் கோம்போ அந்நிறுவனத்தின் நிழலில் ஒதுங்காமல் தனியே நின்றது.

1975இல் இக்குழு நியூயார்க்கின் கோடைக்காலத்தைப் பற்றி ஒரு பாட்டை வெளியிட்டது. தீவை விட்டுச் சென்றவர்களின் பாட்டு அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியில், அதே தீவின் பாட் பன்னி என்ற இளம் பாடகர் தம் புதிய தொகுப்பின் முதற்பாட்டை அந்தப் பழைய பதிவின் துண்டைக் கொண்டே தொடங்கினார். பேரப்பிள்ளைகள் பாட்டன்மாரிடம் அசல் பாட்டைக் கேட்டு வாங்கிக் கேட்கும் நிலை வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இத்தியேர் தம் 99ஆம் வயதில் காலமானார். குழுவிற்கு அப்போது வயது அறுபத்து மூன்று.