பழைய துப்பாக்கிக் கட்டைக்கு உப்புத்தாள் வேண்டாம்

தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி முறைப்படி லைசென்ஸோடு உங்கள் பெயருக்கு மாறி வந்திருக்கிறதா? அதன் கட்டை கறுத்துப் பிசுக்கேறிக் கிடப்பதைப் பார்த்ததும் தேய்த்துப் பளபளப்பாக்கக் கை பரபரக்கும். தம்பி, தங்கைகளே, அக்கா பேச்சைக் கேளுங்க. உப்புத்தாளைத் தொடாதீங்க.

நல்ல துப்பாக்கியில் வால்நட் கட்டை, இரும்பைச் சந்திக்கும் இடத்தில் மயிரிழை அளவு உயர்ந்தே நிற்கும். அங்கே தேய்த்தால் மரம் தாழ்ந்து இரும்பு துருத்திக்கொள்ளும். போன மரம் திரும்ப வராது. பழைய ராணுவ ரைபிள் என்றால் கட்டையில் தொழிற்சாலை முத்திரைகள் இருக்கும். அவை அழிந்தால் வரலாறும் போச்சு, விலையும் போச்சு.

வேலைக்கு முன், துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்க, விரலாலும் தடவிப் பாருங்க. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். அதனால் தெருமுனை ஆசாரியிடம் பாலிஷ் போடச் சொல்லி விட்டுவிட்டு வரக் கூடாது. கட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போங்க. அந்த ஸ்க்ரூக்களின் காடி மிக மெல்லியது, வீட்டு ஸ்க்ரூ டிரைவர் அதைக் கடித்துவிடும்.

அழுக்கெடுக்க மெல்லிய துணியில் கொஞ்சம் டர்பன்டைன் போதும். கைப்பிடியில் சதுரம் சதுரமாகக் கீறிய வேலைப்பாட்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் மட்டும் சுத்தம் செய்யுங்க. இரும்பையொட்டிய பகுதி கன்னங்கரேலென்று இருந்தால், பல வருடமாக ஊறிய துப்பாக்கி எண்ணெய் அது. சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பூசுங்க. காயும்போது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தட்டிவிட்டு மறுபடி பூசுங்க, பொறுமை வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது.

அமுங்கிய பள்ளங்களுக்கு ஈரப் பருத்தித் துணியை வைத்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் அழுத்துங்க. ஆவி ஏறியதும் நசுங்கிய நார் உப்பி எழும். வெட்டுக் காயம் அப்படி எழாது, அதை விட்டுவிடுங்க. அதுவும் துப்பாக்கியின் வயசுதான்.

இனி எண்ணெய். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கேளுங்க. லின்சீட் என்பது ஆளிவிதைதான், அதன் பச்சை எண்ணெய் காய ரொம்ப நாள் எடுக்கும். சில சொட்டு விட்டு, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்க. முழுதும் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். மெல்லிய பூச்சு பல போட்டால்தான் அந்த ஆழமான மினுக்கம் வரும். பாலியூரிதேன் வார்னிஷ் அடித்தால் பழைய துப்பாக்கி புது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். அந்தக் கால இங்கிலாந்துக் கைவினைஞர்கள் ஆல்கனெட் வேரை எண்ணெயில் ஊறவைத்துச் செந்நிறம் ஏற்றினார்கள். நம் கூந்தல் தைலம் வேம்பாளம்பட்டையால் சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீங்க. லின்சீட் ஆயில் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்க, இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் போடுங்க.

குடகில் கைல்போல்து பண்டிகையன்று துப்பாக்கிக்குச் செங்காந்தள் பூ வைத்து வணங்குவார்கள். அந்த மரியாதையோடு உங்கள் துப்பாக்கியையும் பாருங்க. கைப்பிடிக் கழுத்திலோ, இரும்புக்குப் பின்னாலோ மயிரிழை விரிசல் கண்டால், எண்ணெய் பூசி மறைக்காதீங்க. பழுதுபார்ப்பவர் சரியென்று சொல்லும்வரை அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது.