விற்ற பிறகும் பொறுப்பு உண்டு



ஒரு மிஷினை விற்றுக் காசு வாங்கியாச்சு. அதன் பிறகு அதைச் செய்தவருக்கு அதன் மேல் எத்தனை நாள் பொறுப்பு? கேரண்டி கார்டைக் கேட்டால் ‘ஒரு வருஷம்’ என்கும். எங்கள் வீட்டில் அந்தக் கார்டைப் படித்துப் பார்த்த முதல் ஆள் நான்தான். அதுவரை அது டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்கிற காகிதம், அவ்வளவே. மெக்கானிக்கல் படிக்கும் நாம் இதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட உதாரணம் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள். ஏன் துப்பாக்கி? மிக்ஸி கெட்டுப்போனால் அன்றைக்குச் சட்னி இல்லை. துப்பாக்கி கெட்டுப்போனால் பக்கத்தில் நிற்கிற ஆளே இல்லை!

1. சட்டம் எதுவரை?

அமெரிக்காவில் 1972-ல் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட அதில் வழி உண்டு. ஆனால் துப்பாக்கியை மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள். 1975-ல் வாரண்டிச் சட்டம் வந்தது. எழுத்தில் வாரண்டி கொடுத்தால் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று அது விதி வகுத்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆக, பழுதான துப்பாக்கியைத் திரும்ப வாங்குவது பெரும்பாலும் கம்பெனியின் மனசாட்சியையும் கோர்ட்டையும் பொறுத்ததாகிப் போச்சு.

2. கார்டு இல்லாத கம்பெனி

1949-ல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி ரூகர். தன் துப்பாக்கியோடு ஏன் வாரண்டி கார்டு வைக்கவில்லை என்று விளக்கம் எழுதிக் கொடுத்த கம்பெனி இது. ‘அப்படீன்னா ஏமாற்று வேலைதானே?’ என்று கேட்கத் தோன்றும். மேலே படியுங்கள்.

1953 முதல் 1972 வரை இவர்கள் செய்த ரிவால்வர்கள் பழைய கோல்ட் பாணியில் அமைந்தவை. சுத்தியல் இறங்கியிருக்கும்போது ஃபயரிங் பின்னை அழுத்திக்கொண்டே நிற்கும். அந்தப் பின்னுக்கு நேராகத் தோட்டா இருந்து, துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதனால் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக வைப்பது வழக்கம்.

1973-ல் டிசைனை மாற்றினார்கள். சுத்தியலுக்கும் பின்னுக்கும் இடையே டிரான்ஸ்ஃபர் பார் என்ற சிறு இரும்புத் துண்டு வந்தது. விசையை இழுத்துப் பிடித்தால்தான் அது மேலே ஏறி, சுத்தியலின் அடியைப் பின்னுக்குக் கடத்தும். விசையில் விரல் இல்லையென்றால் சுத்தியல் பின்னைத் தொடவே தொடாது.

சரி, ஏற்கெனவே விற்றவை? 1982 முதல் அவற்றுக்கும் இலவசமாக இந்த அமைப்பைப் பொருத்தித் தர முன்வந்தது கம்பெனி. பத்திரிகைகளில் விளம்பரமும் கொடுத்தது. அடையாளம் சுலபம்: பக்கவாட்டில் மூன்று திருகு இருந்தால் பழையது. கிட்டை வெளியில் விற்பதில்லை, தொழிற்சாலையிலேயே பொருத்துவார்கள். கழற்றிய பழைய பாகங்களையும் சொந்தக்காரரிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். பழைய பொருள் சேகரிப்பவர்களுக்கு ஒரிஜினல் பாகம் முக்கியம் அல்லவா!

3. தாமதித்த கம்பெனி

ரெமிங்டன் கம்பெனியின் மாடல் 700 ரைஃபிள் 1962-ல் வெளிவந்தது. அதன் விசை அமைப்பில் ‘கனெக்டர்’ என்று தனியாக ஒரு சிறு துண்டு உண்டு. அது தன் இடத்துக்குச் சரியாகத் திரும்பாவிட்டால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம் என்று பல வழக்குகள் வந்தன. விசையை வடிவமைத்த வாக்கரே 1948-ல் கூடுதல் பாதுகாப்பு ஒன்றை யோசனை சொன்னதாகவும், அதற்கான செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் என்றும் 2010-ல் சி.என்.பி.சி. தொலைக்காட்சி வெளியிட்டது. விசையில் குறை இருப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு வந்த புதிய விசையிலும் சிக்கல். கோர்க்கும்போது போட்ட பசை அதிகமாகிவிட்டால் துப்பாக்கி தானே வெடிக்கக்கூடும் என்று, 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்தவற்றைக் கம்பெனி திரும்ப அழைத்தது. ஒரு சொட்டுப் பசை, எட்டு வருஷ உற்பத்தி! பழைய விசைகளையும் பெரும்பாலும் இலவசமாக மாற்றித்தரும் கோர்ட் உடன்பாடு 2018-ல்தான் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2020 ஏப்ரல். அதே வருஷம் கம்பெனி இரண்டாம் முறையாகத் திவாலாகி, பிரித்து விற்கப்பட்டது.

4. நமக்குப் பாடம்

அ) கஸ்டமர் சர்வீஸ் என்பது கவுண்டரில் சிரித்துப் பேசுவது மட்டுமல்ல. குறை தெரிந்த அன்றே வாய்திறந்து சொல்வதும் சர்வீஸ்தான்.

ஆ) பத்து, இருபது வருஷம் கழித்தும் புதுப் பாகம் பழைய உடம்பில் உட்கார வேண்டுமானால் அளவு நிலையாக இருக்க வேண்டும். லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பாடமும் கோ, நோ-கோ கேஜும் பரீட்சை மார்க்குக்காக மட்டும் இல்லை.

இ) அசெம்பிளியில் ‘இது சின்ன வேலைதானே’ என்று எதுவும் கிடையாது.

தோழர்களே! நாளை நாம் சூப்பர்வைசராகவோ டிராஃப்ட்ஸ்மேனாகவோ போவோம். டிராயிங்கின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டம் இருக்கும். அதில் போடுகிற கையெழுத்துதான் நாம் கொடுக்கிற வாரண்டி. அதற்குக் காலக்கெடு கிடையாது.