தெரு யாருக்கு? ஏழாம் வகுப்பில் மூன்று பாடவேளைகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் ஓர் அறிவுரை சொன்னேன். முந்தைய நாள் மாலை எங்கள் மாணவன் ஒருவன் பந்தை எடுக்கத் தெருமுனைக்கு ஓடியிருக்கிறான். இருசக்கர வாகனம் மோதிக் கால் முறிந்துவிட்டது. "இனி யாரும் தெருவில் விளையாடக் கூடாது. பள்ளி விட்டால் நேராக வீடு" என்றேன். பெற்றோர் கூட்டத்திலும் அதையே சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடமையைச் செய்துவிட்ட நிம்மதி எனக்கு.

அந்த அறிவுரை யாரிடம் பலித்தது என்பது மெல்லத்தான் தெரிந்தது. பையன்கள் ஒரு வாரம் அடங்கியிருந்துவிட்டு மீண்டும் மட்டையைத் தூக்கினார்கள். சிலர் தெருவை விட்டுவிட்டுக் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைப் பக்கம் போனார்கள். பெண் பிள்ளைகள்தான் முழுதாக வீட்டுக்குள் போனார்கள். "டீச்சரே சொல்லிட்டாங்க" என்ற ஒரு வரி வீட்டில் உள்ளவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்குள் என்ன இருக்கிறது? அலைபேசி இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, கழுவ வேண்டிய பாத்திரம் இருக்கிறது.

சாலவாக்கத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உத்திரமேரூர் வட்டத்தில் ஏரியும் நெல்வயலுமாக இருக்கும் பகுதி இது. பழவேரி, மதூர், சிறுதாமூர் எனச் சுற்றிலும் கல்குவாரிகளும் கிரஷர்களும் இருப்பதால், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் பிரதான சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சாலையில் பிள்ளைகள் விளையாடலாமா என்று யாரும் விவாதிக்கப் போவதில்லை. கேள்வி உள்தெருக்களைப் பற்றியது. அங்கே வருபவை பைக், ஆட்டோ, பால் வண்டி, எப்போதாவது டிராக்டர். நெற்களத்தில் விளையாடலாமே என்பார்கள். அறுவடைக் காலத்தில் அது நெல்லுக்குச் சொந்தம். ஏரியும் குவாரிக் குட்டையும் இருக்கின்றன. குவாரிக் குட்டைக்குக் கரை என்று ஒன்று கிடையாது, செங்குத்தாக இறங்கும் பாறைதான். உள்ளே விழுந்தவன் கால் ஊன்ற இடமிருக்காது. தெருவிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளை எங்கே போகிறான் என்று கேட்காமல் துரத்தியது என் தவறு.

சென்ற ஆண்டு, ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் மூன்றாம் பருவத்தில் 'சாலைப் பாதுகாப்பு' பாடம் வந்தபோது, அதை வாசித்து விடை எழுதவைப்பதற்குப் பதிலாக இந்தத் தவற்றையே பாடமாக எடுத்துக்கொண்டேன். மூன்று பாடவேளைகள் ஆயின. தேவைப்பட்டவை சுண்ணக்கட்டி, அளவு நாடா, ஏ4 தாள் மட்டுமே.

முதல் பாடவேளையில் ஒவ்வொருவரும் தம் தெருவை வரைந்தார்கள். குழாயடி, கோயில், பெட்டிக்கடை, வளைவு, கடிக்கும் நாய் எல்லாம் வர வேண்டும். விளையாடும் இடத்துக்குப் பச்சை, பயப்படும் இடத்துக்குச் சிவப்பு. பையன்களின் தாளில் பச்சை தெருவெங்கும் பரவியிருந்தது. சிவப்பு பெரும்பாலும் நாய்க்கும் வளைவுக்கும்தான். ஒரு மாணவி தன் வீட்டிலிருந்து குழாயடிவரை ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. "ஏம்மா, விளையாட மாட்டியா?" என்றேன். "தண்ணி எடுக்கப் போவேன், வருவேன் டீச்சர். அவ்ளோதான்." அவள் தெருவில் பைக் அதிகம் வருவதில்லை என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். ஆக, அவளை உள்ளே வைத்தது வண்டி இல்லை.

இரண்டாம் பாடவேளை மைதானத்தில். முதல் பருவ அறிவியலில் 'விசையும் இயக்கமும்' பாடத்தில் படித்த வேகக் கணக்கைத் தூசு தட்டினோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். குழந்தை குறுக்கே வருவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை அழுத்த ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. பிரேக் பிடிக்காமலே வண்டி 10 மீட்டர் வந்துவிடுகிறது. பிடித்த பிறகு, காய்ந்த தார்ச்சாலையில் இன்னும் ஏழு மீட்டர் அளவுக்கு ஓடும். ஜல்லிப் பொடி கிடந்தால் இன்னும் அதிகம். நாடாவைப் பிடித்து 17 மீட்டருக்குக் கோடு போட்டோம். ஒருவன் அதன் முனையில் நின்று பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இருந்து மளிகைக்கடை வரைக்கும் இருக்கும்போல" என்றான். பிறகு வேகத்தைப் பாதியாக்கினோம். 18 கிலோமீட்டரில், அந்த ஒரு நொடிக்கு 5 மீட்டர். பிரேக் தூரமும் பாதியாகும் என்றே எல்லோரும் சொன்னார்கள். வேகம் பாதியானால் பிரேக் தூரம் நான்கில் ஒரு பங்காகிவிடும், இரண்டு மீட்டர்கூட வராது. மொத்தம் ஏழு மீட்டருக்குள் வண்டி நின்றுவிடுகிறது. இரண்டு கோடுகளையும் அருகருகே பார்த்தபோது கேள்வி தானாக மாறியது. 'தெருவில் விளையாடலாமா?' என்பது போய், 'தெருவில் இவ்வளவு வேகமாக ஓட்டலாமா?' என்று கேட்கத் தொடங்கினார்கள். தம் அண்ணன்மார் பதினாறு வயதில் ஓட்டும் பைக்கும் பேச்சில் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு என்றதும் வகுப்பு அமைதியானது.

மூன்றாம் பாடவேளை விவாதம். தினமும் விளையாடுபவர்களை 'கூடாது' அணியிலும், விளையாடாதவர்களை 'வேண்டும்' அணியிலும் அமர்த்தினேன். இடையில் நெதர்லாந்துக் கதையைச் சொன்னேன். அங்கே 1971 ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் டி பைப் பகுதியில் சிறுவர்களே தங்கள் தெருவைக் கார்கள் இல்லாமல் விடச் சொல்லிப் போராடினார்கள். 1976 இல், குடியிருப்புத் தெருவில் வாகனம் நடைவேகத்தில்தான் போக வேண்டும், அங்கே விளையாடுவது குழந்தைகளின் உரிமை என்ற நிலை சட்டமாகவே வந்தது. நம் ஊரில் சென்னை அண்ணா நகரில் 2022 இல் ஞாயிறு காலைகளில் சாலையை அடைத்து 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' நடத்தினார்கள். தெருவில் விளையாடப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக் கூட்டிவர வேண்டிய காலம் வந்துவிட்டது!

விளையாட்டு சலுகை அல்ல என்பதையும் சொன்னேன். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு அதை உரிமை என்கிறது. இந்தியா 1992 இல் அதை ஏற்றது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆனால் மாலை மணி அடித்ததும் பள்ளிக் கதவு மூடிவிடுகிறது. அதன் பிறகுதான் பிள்ளைக்கு நேரமே கிடைக்கிறது.

விவாதத்தில் யாரும் வெல்லவில்லை. கடைசியில் கிராம சபைக்குக் கடிதம் எழுதலாம் என்றார்கள். குடவோலைக் கல்வெட்டு இருக்கும் வட்டத்துப் பிள்ளைகள் அல்லவா! சபையில் அமர 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று அந்தக் கல்வெட்டில் இருப்பதைப் படித்திருந்த ஒருவன், "நமக்கு இன்னும் 23 வருஷம் இருக்கு டீச்சர்" என்றான். இன்றைய கிராம சபையிலும் வாக்காளர்கள்தாம் உறுப்பினர்கள். எனவே கடிதத்தை அம்மாக்களிடம் கொடுத்தோம்.

ஒரு தெருவில் மட்டும் அது செயலுக்கு வந்தது. மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை இரு முனையிலும் காலி டிரம் ஒன்றை வைக்கிறார்கள். வண்டி வந்தால் நகர்த்தி வழிவிடுவார்கள், ஆனால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும் அம்மாக்கள் ஒரு கண் வைத்துக்கொள்கிறார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் முதலில் சண்டை போட்டார். பந்து பட்டு ஓடு உடைந்ததில் ஒரு பாட்டிக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பாண்டி ஆட்டமும் ஏழாங்கல்லும் திரும்ப வந்திருக்கின்றன, அதில் சிறுமிகளும் இருக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்களை இன்னும் காணவில்லை. குழாயடிவரை கோடு போட்ட மாணவியின் தெருவில் டிரம் வைக்கவும் யாரும் முன்வரவில்லை.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரைபடங்களை வகுப்புச் சுவரில் ஒட்டாதீர்கள். யார் எந்தத் தெரு, யார் எந்தத் தெருவுக்குள் போவதில்லை என்பது ஒரு தாளில் அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. நான் முதல் நாள் ஒட்டினேன். இடைவேளையில் இரண்டு பேர் அதைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டதைக் கேட்டு, மாலையே கழற்றிவிட்டேன். அவை இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் அந்த ஒற்றைக் கோட்டைப் பற்றி மட்டும் அம்மாக்களிடம் பேசப்போகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொல்ல வேண்டும்.