வாசிப்பும் கூலியும்

கேள்வி: விவிலியத்தைக் கற்று அதன்படி வாழ்வது எப்படி?

பதில்: எட்டயபுரத்தை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், வேதியர்களுக்காக, அதாவது ஊர்களில் மறையைக் கற்பிக்கும் உபதேசியர்களுக்காக, 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலில், கற்பிப்பவரின் நடத்தையையே பொருளாக்கினார் என்பது இங்கு எண்ணத்தக்கது. அதிகாரங்களை வேகமாக முடிப்பதைவிட, ஒரு பகுதியை அதன் முன்பின்னோடு பொருத்தி, யாருக்கு எச்சூழலில் சொல்லப்பட்டது என்று அறிந்து, அது கேட்கும் செயலை அன்றே செய்வதே மேலானது. இணைச்சட்டம் (சீர்திருத்தச் சபையார் வழக்கில் உபாகமம்) 24-ஆம் அதிகாரம் ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. யாக்கோபின் மடல் 5-ஆம் அதிகாரமோ பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுவதாகக் கூறுகிறது. கரிசல் காட்டில் பருத்தி எடுத்த பெண்களுக்கு, வியாபாரி பணம் தரட்டும் என்று தவணை சொல்லாமல், பருத்தியை நிறுத்தவுடன் கூலியை எண்ணிக் கொடுக்கும் சம்சாரி அவ்விரு பகுதிகளையும் சரியாகப் படித்தவராவார்.