பக்கத்துக் கம்பனிக் கோபுரம்

அன்புள்ள மருமகளுக்கு,

கீழ் லயத்தில் உன் போனுக்குக் கவரேஜ் இல்லை, அடுத்த வீட்டு அக்காவின் போன் மட்டும் எப்படிப் பேசுகிறது என்று கேட்டிருந்தாய்.

முதல் காரணம் மலை. போன் அலைகளை மேடு மறித்துவிடும். 900 மெகாஹேர்ட்ஸ் அலை ஓரளவு வளைந்து வரும், 2100 அவ்வளவு வராது. கந்தப்பளை மாதிரி மேடும் பள்ளமுமான ஊரில் கோபுரம் எந்தச் சரிவில் நிற்கிறது என்பதுதான் முக்கியம். அக்காவின் கம்பனிக் கோபுரம் லயத்தைப் பார்த்து நிற்கிறது, உன்னுடையது மலைக்கு அந்தப் பக்கம்.

அப்படியென்றால் உன் போனும் அக்காவின் கோபுரத்தைப் பிடிக்கலாமே? பிடிக்கும், விடமாட்டார்கள். போன் செட்டிங்ஸில் நெட்வேர்க்கைத் தானாகத் தெரிவு செய்வதை நிறுத்திவிட்டுத் தேடிப் பார். டயலொக், மொபிட்டெல், ஹட்ச் என்று அங்கே எட்டுகிற பெயர்களெல்லாம் வரும். வேறு கம்பனியைத் தொட்டதும் உன் சிம்மின் அடையாளம் அவர்களிடம் போகிறது. உன் கம்பனியோடு ஒப்பந்தம் இருந்தால், 'இவர் உங்கள் ஆள்தானா' என்று அங்கே விசாரித்துவிட்டு உள்ளே விடுவார்கள். அதுதான் ரோமிங். ஒப்பந்தம் இல்லையென்றால் மறுப்புத்தான்.

ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கியிருக்கிறார்களே, அங்கே சென்னை சிம்மோடு வந்து தங்குகிறவரை யோசித்துப் பார். அவருடைய கம்பனி இங்கே யார் யாரோடு ஒப்பந்தம் செய்திருக்கிறதோ, அவர்களில் யாருடைய கோபுரம் கிடைத்தாலும் அவர் பேசலாம். பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிற உன் அம்மாவுக்கு ஒரே கம்பனிதான். இல்லாவிட்டால் இரண்டு சிம் வாங்கி, நாட்சம்பளத்தில் இரண்டுக்கும் ரீலோட் போட வேண்டும். இதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

காசு போட்டுக் கோபுரம் கட்டியவன் போட்டிக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கம்பனிகள் கேட்கும். அதிலும் உண்மை உண்டு. சும்மா பகிரச் சொன்னால் யாரும் புதிதாகக் கட்டமாட்டார்கள். ஆனால் அந்தப் போட்டியும் சுருங்கி வருகிறது. 2018இல் எடிசலாட் ஹட்சோடு சேர்ந்தது, 2024இல் இலங்கை எயார்டெல்லை டயலொக் வாங்கியது. ஐந்து கம்பனிகள் மூன்றாகிவிட்டன. நாலு லயம் உள்ள பள்ளத்தில் மூன்று பேரும் தனித்தனியாகக் கோபுரம் போடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

இந்தியா 2025 ஜனவரியில் ஒரு வழி காட்டியது. குக்கிராமங்களில் அரசு நிதியுதவியோடு நிறுவிய கோபுரங்களை பிஎஸ்என்எல், எயார்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். கோபுரத்தில் பொதுப்பணம் இருப்பதால் கட்டியவனுக்கு நட்டம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. தோட்டப்புறத்துக்கு இதுதான் பொருந்தும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தால், பெரும்பாலும் வேறு கம்பனியின் கோபுரம் எட்டுகிறது என்று அர்த்தம். அப்போது 112ஐ அழுத்து; கிடைக்கிற எந்தக் கோபுரம் வழியாகவும் போன் அதை அனுப்பப் பார்க்கும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லாப் போனும் அவசர இலக்கமாக எடுக்காது.

தோட்டப்புறத்துக்கும் இப்படி ஒரு வழி வேண்டும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு நீயே எழுது. தோட்டம், டிவிஷன், லயம், எந்த சிம் எங்கே எடுக்கவில்லை என்பதையெல்லாம் குறித்து அனுப்பு. கடிதத்தை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாமா