விறகு பிளக்கும் கருவி: வாங்குமுன் கணக்கிடுவீர்



தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரங்களில் தோட்டம் வைத்திருப்போருக்கு மரக்கட்டைக்குக் குறைவில்லை. வரப்பில் நிற்கும் வேம்பு, களத்தோரப் புளி, காய்ப்பு ஓய்ந்த மா, தரிசில் மண்டிய சீமைக்கருவேல் என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு மரம் சாய்க்கப்படுகிறது. வீட்டுக்குச் சமையல் எரிவாயு வந்துவிட்ட போதிலும், வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், வெல்லம் காய்ச்சவும், விசேஷ வீட்டுச் சமையலுக்கும் விறகு வேண்டியிருக்கிறது. ஆனால் கட்டையைப் பிளக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆகவே விறகு பிளக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று பலர் கேட்கின்றனர்.

இதில் எங்கள் வீட்டு அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் ஒரு கண்காட்சியில் இயந்திரம் ஒன்று சவுக்குக் கட்டைகளை நொடியில் பிளப்பதைப் பார்த்து, கடன் வாங்கி அதை வாங்கி வந்தார். வீட்டில் காத்திருந்ததோ புளியந்தூர். மூன்றாம் மாதம் ஆப்பின் பற்றவைப்பு விரிசல் கண்டது. எண்ணெய்க் கசிவை நிறுத்தும் சீல் உள்ளூரில் கிடைக்கவில்லை. இயந்திரம் கொட்டகையில் நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. பசுமையான நேர்க் கட்டையைப் பிளந்து காட்டியதைக் கொண்டு முடிவு செய்ததே எங்கள் தவறு. அந்தத் தவறு உங்களுக்கு நேராதிருக்கவே இக்கட்டுரை.

உங்கள் தேவை எவ்வளவு?

முதலில் ஓராண்டில் நீங்கள் பிளக்கும் கட்டையின் எடையைக் கணக்கிட வேண்டும். நாளொன்றுக்கு 5 கிலோ விறகு எரிக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,825 கிலோ, அதாவது இரண்டு டன்னுக்கும் குறைவே தேவைப்படும். இதற்கு இயந்திரம் தேவையில்லை. நல்ல கைக்கருவிகளே போதும். வெல்லம் காய்ச்சுவோரும், கடைகளுக்கு விறகு விற்போரும் மட்டுமே இயந்திரத்தைப் பற்றி எண்ணலாம்.

மரமும் பருவமும்

மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. நாரின் போக்கில் பிளப்பது எளிது. குறுக்கே பிளப்பது அரிது. சவுக்கில் நார் நேராக ஓடுவதால் அது எளிதில் பிளக்கும். புளியிலும் வேம்பிலும் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கட்டை விட்டுக் கொடுக்காது. சீமைக்கருவேல் கோணலும் கணுவுமாக இருப்பதால் அதன் தூர்க்கட்டை கடினமானது. தென்னை, பனை மரங்கள் வேறு வகை. இரும்பு ஆப்புகளை வரிசையாக இறக்கிப் பனையைப் பிளந்து வாரை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்னந்தண்டோ நார்நாராகப் பிய்ந்து ஆப்பைக் கவ்விக் கொள்ளும். தென்னையை மட்டும் நம்பி இயந்திரம் வாங்க வேண்டாம்.

பெரும்பாலான மரங்களை வெட்டிய சில நாட்களுக்குள் பச்சையாகவே பிளப்பது எளிது. காய்ந்தபின் புளியும் வேம்பும் இரும்புபோல் இறுகிவிடும். பச்சையாகப் பிளந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பட்டையோடு கிடக்கும் உருட்டுக் கட்டை உள்ளே ஈரத்தைத் தேக்கி வைக்கும். பிளந்த முகத்தின் வழியே ஈரம் விரைவாக வெளியேறும்.

ஈரத்தின் நட்டம் எவ்வளவு என்பதையும் அறிந்து கொள்ளுங்கள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீராக இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் செலவாகிறது. முற்றும் உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4,500 கிலோ கலோரி தரும் என்று கொண்டால், பாதி ஈரமுள்ள ஒரு கிலோ விறகில் 2,000 கிலோ கலோரிகூடத் தேறாது. 15 சதவீத ஈரமுள்ள விறகிலோ சுமார் 3,700 கிலோ கலோரி கிடைக்கும். ஈர விறகை எடைபோட்டு வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

நம் வட்டாரத்தின் மழையையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக் காற்று ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரலைக் கொண்டு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவ மழை. ஆகவே விறகு நன்கு உலர நமக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரையிலான நான்கு மாதங்களே. தை மாதத்தில் வெட்டி, உடனே பிளந்து, தரையில் படாமல் கற்களின்மேல் காற்றோட்டமாக அடுக்கி, சாரலுக்குமுன் மேலே மட்டும் மூடிவிட வேண்டும். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் சாரல் நாட்களில்தான் விறகடுப்பு வைத்திருக்கும் கடைகளுக்குக் காய்ந்த விறகு அரிதாகும். அப்போது உங்களிடம் காய்ந்த விறகு இருந்தால் நல்ல விலை கேட்கலாம்.

கைக்கருவிகள்: முதல் தேர்வு

மரம் வெட்டும் கோடாலி வேறு, விறகு பிளக்கும் கோடாலி வேறு. வெட்டும் கோடாலியின் வாய் மெல்லியது. அது கட்டைக்குள் புதைந்து சிக்கிக் கொள்ளும். பிளக்கும் கோடாலி ஆப்புபோல் பருத்திருக்கும். கட்டையை இருபுறமும் விலக்கித் தள்ளும். தலையின் எடை 2½ முதல் 3 கிலோ இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கை சோர்ந்து குறி தவறும்.

கொல்லர் பட்டறையில் செய்யச் சொல்லும்போது கவனிக்க வேண்டியவை:

1. லாரியின் பழைய வில் பட்டை போன்ற நல்ல எஃகில் வாய்ப்பகுதி அமைய வேண்டும். அரத்தால் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கிக் கொண்டு போனால் வாய் மிகக் கடினம், தெறித்துவிடும். மெழுகுபோல் அரைபட்டால் மிக மென்மை, மடங்கிவிடும். அரம் சற்றே கடிக்க வேண்டும். அதுவே சரியான பதம்.

2. காம்பு நுழையும் துளை ஒருபுறம் சற்று அகன்றிருக்க வேண்டும். அகன்ற பக்கத்தில் காம்பின் தலையில் சிறு ஆப்பு அடித்தால், வீசும்போது தலை கழன்று பறக்காது.

3. காம்புக்கு நாட்டுக் கருவேல், தடசு போன்ற உறுதியான மரம் ஏற்றது. நார் காம்பின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். நார் குறுக்கே ஓடும் காம்பு ஒருநாள் ஒடிந்தே தீரும்.

இத்துடன் இரண்டு இரும்பு ஆப்புகளும் ஒரு சம்மட்டியும் வைத்துக் கொள்ளுங்கள். ஓர் ஆப்பு சிக்கினால் மற்றதை வெடிப்பின் தொடர்ச்சியில் இறக்கி முதல் ஆப்பை விடுவிக்கலாம். ஆண்டுக்கு ஐந்து டன்னுக்குள் பிளக்கும் குடும்பத்துக்கு இக்கருவிகள் பல ஆண்டுகள் உழைக்கும்.

இயந்திரம் வாங்குவோருக்கு

எண்ணெய் அழுத்தத்தால், அதாவது ஹைட்ராலிக் முறையில், இயங்கும் இயந்திரத்தில் பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சிலிண்டரின் தண்டு கட்டையை ஆப்பின்மீது அழுத்திப் பிளக்கிறது. இதில் ஐந்து செய்திகளைப் பாருங்கள்.

முதலாவது, தள்ளும் விசை. விற்பவர் "இருபது டன்" என்பார். நீங்களே கணக்கிடலாம். சிலிண்டரின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர் எனில் அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ எனில் விசை 50 × 200 = 10,000 கிலோ, அதாவது 10 டன். அதே அழுத்தத்தில் 100 மில்லிமீட்டர் சிலிண்டர் 15 டன்னுக்குச் சற்று மேல் தரும். 80 மில்லிமீட்டர் சிலிண்டரில் இருபது டன் என்றால் 400 கிலோ அழுத்தம் வேண்டும். இத்தகைய இயந்திரங்களில் பொருத்தப்படும் சாதாரணப் பல்சக்கரப் பம்புகள் அதைத் தாங்கா.

இரண்டாவது, வேகம். பம்பு நிமிடத்துக்கு 16 லிட்டர் எண்ணெய் தள்ளினால், மேற்சொன்ன 80 மில்லிமீட்டர் சிலிண்டர் நொடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகரும். ஆனால் முழு அழுத்தத்தில் அதை ஓட்ட 8 குதிரைத்திறன் அளவுக்கு எஞ்சின் வேண்டும். 3 குதிரைத்திறன் மோட்டார் வைத்தால் விசை குறையாது, வேகம் மூன்றில் ஒரு பங்காகும். கட்டையைத் தொடும்வரை வேகமாகவும், அழுத்தும்போது மெதுவாகவும் செல்லும் இரட்டை நிலைப் பம்பு இருந்தால் சிறிய மோட்டாரிலும் நேரம் மிச்சமாகும். பாசனத்துக்கென வழங்கப்பட்ட இலவச மின் இணைப்பில் இதை இயக்கக் கூடாது. எந்த இணைப்பில் ஓட்டலாம் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக் கொள்ளவும்.

மூன்றாவது, உடல். சிலிண்டரையும் ஆப்பையும் தாங்கும் இரும்பு உத்தரம் தடிப்பாக இருக்க வேண்டும். ஆப்பின் அடியிலும் முனைத் தகட்டின் பின்னாலும் முட்டுத் தகடுகள் உள்ளனவா, பற்றவைப்பு விட்டுவிடாமல் முழு நீளமும் ஓடுகிறதா என்று பாருங்கள். மேலே பூசிய வண்ணத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நான்காவது, உதிரி உறுப்புகள். சீல், எண்ணெய்க் குழாய், வடிகட்டி ஆகியவற்றின் அளவைக் குறித்துக் கொண்டு, தென்காசியிலோ திருநெல்வேலியிலோ டிராக்டர் உதிரிக் கடையில் கிடைக்குமா என்று விசாரித்தபின் முன்பணம் கொடுங்கள்.

ஐந்தாவதும் முக்கியமானதுமான செய்தி, சோதனை. உங்கள் தோட்டத்திலிருந்து கணுவுள்ள புளியங்கட்டை ஒன்றையும், சீமைக்கருவேல் தூர் ஒன்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். விற்பவர் வைத்திருக்கும் சவுக்குக் கட்டை எல்லா இயந்திரத்திலும் பிளக்கும். உங்கள் கட்டை பிளக்கிறதா, உத்தரம் வளைகிறதா, அரைமணி நேரம் ஓடியபின் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். சோதிக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கு

ஒரு கணக்குக்காக இயந்திரத்தின் விலை ரூ.1,00,000, ஆயுள் 10 ஆண்டு, கடைசியில் பழைய இரும்பாக ரூ.10,000 என்று கொள்வோம்.

தேய்மானம் ஆண்டுக்கு ரூ.9,000
சராசரி முதலீடு ரூ.55,000-க்கு 10 சதவீத வட்டி ரூ.5,500
பழுதுபார்ப்பு 5 சதவீதம் ரூ.5,000
மொத்தம் ரூ.19,500

இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இச்செலவு உண்டு. ஆண்டுக்கு 5 டன் பிளந்தால் டன்னுக்கு ரூ.3,900 ஆகிறது, 50 டன் பிளந்தால் ரூ.390 மட்டுமே. கையால் பிளக்க டன்னுக்குக் கூலி ரூ.1,000 என்றும், இயந்திரத்துக்கு எரிபொருளும் ஆள்கூலியும் ரூ.400 என்றும் கொண்டால், டன்னுக்கு மிச்சம் ரூ.600. ரூ.19,500-ஐ 600-ஆல் வகுத்தால் 32½ வருகிறது. அதாவது ஆண்டுக்கு 33 டன்னுக்குக் குறைவாகப் பிளப்பவருக்கு இயந்திரம் நட்டமே. உங்கள் ஊர்க் கூலியையும், கடைக்காரர் சொல்லும் விலையையும் இதில் இட்டு நீங்களே கணக்குப் போடலாம். தனியாக இந்த அளவு இல்லாதோர் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நல்ல இயந்திரம் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம், வாடகைக்கும் விடலாம். மானியம் கிடைக்குமா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாங்குமுன் கேட்க வேண்டும். வாங்கியபின் கேட்டுப் பயனில்லை.

பாதுகாப்பு

• இயந்திரத்தை ஒருவரே இயக்க வேண்டும். ஒருவர் கட்டையைப் பிடிக்க, மற்றவர் கைப்பிடியை அழுத்துவதால் விரல்கள் போகின்றன. இரு கைகளாலும் அழுத்தினால் மட்டும் ஓடும் அமைப்புள்ளதே சிறந்தது.
• சுழலும் திருகுக் கூம்பால் பிளக்கும் வகை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். துண்டு, வேட்டி, சேலை நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.
• எண்ணெய்க் குழாயில் ஊசித்துளைக் கசிவை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அழுத்தமான எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அட்டையைக் காட்டிச் சோதிக்கவும்.
• அடிபட்டு ஆப்பின் தலை காளான்போல் விரிந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்யவும். அதன் சில் தெறித்துக் கண் போகலாம்.
• கோடாலியின் பின்புறத்தைச் சம்மட்டியால் அடிக்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. கருவி இருக்கிறதென்று மலையடிவாரத்துக் காட்டுமரத்தில் கை வைக்கக் கூடாது. குற்றால மலைப் பகுதியையும் உள்ளடக்கிய நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அங்கே மரம் வெட்டுவது குற்றம். நம் வரப்பிலும் தரிசிலும் உள்ள மரமே நம் விறகு. ஒன்று வெட்டினால் இரண்டு நட வேண்டும்.

உழவர் பெருமக்களே, விறகு பிளக்கும் கருவியின் தரத்தை அதன் விலையோ டன் எண்ணோ சொல்வதில்லை. உங்கள் தோட்டத்துப் புளியங்கட்டையே சொல்லும். எவ்வளவு பிளக்கிறீர்கள் என்று முதலில் எடை போடுங்கள், பிறகு கருவியைத் தேர்ந்தெடுங்கள். பணமும் மிஞ்சும், விரலும் மிஞ்சும்.